கறை எடுக்கும் பூங்கனி

பூங்கனி ரேந்தையை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கழுவிப் பிழிந்த வெள்ளை ரேந்தையின் ஓரத்தை நாக்கு நுனியால் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். புளிப்பு ஒரு துளி மிச்சமிருந்தாலும் அது மறுபடி தண்ணீருக்குப் போகும். இல்லையென்றால், "கொண்டு போ, இனி உனக்க பாடு" என்று உரியவளின் மடியில் எறிவாள். மாங்குழிவிளையில் ரேந்தை என்கிற லேஸ் பின்னுகிற வீடுகள் முப்பதுக்கு மேல் உண்டு. அத்தனை வீட்டிலும் சேர்த்து இப்படி ஒரு நாக்கு கிடையாது என்பது அவள் எண்ணம். எண்ணத்தோடு நிறுத்தமாட்டாள், வாய்விட்டே சொல்லுவாள்.

ரேந்தை வேலை மிஷன் பங்களாவிலிருந்து வந்தது. வெள்ளைக்காரத் துரைசாணி நூலும் மாதிரிப் படமும் கொடுத்துவிடுவாள். பெண்கள் மடியில் உருட்டுத் திண்டை வைத்து, படத்தின் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். ஒரு மேசை விரிப்புக்கு ஆறு மாதம்கூடப் பிடிக்கும். முடிந்தது கப்பலேறிச் சீமைக்குப் போகும். அங்கே எந்த மேசையில் விரிப்பார்கள், அதன் மேல் எதை வைத்துத் தின்பார்கள் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. துருப்புள்ளி இருந்தால் துரைசாணி முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆறு மாதத்து வேலை அந்தப் புள்ளியோடு போச்சு. ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் கடல்காற்று வேறு சேர்ந்துகொண்டால் எந்த ஊசிதான் துருப்பிடிக்காமல் இருக்கும்?

அந்தத் துருவை எடுக்கிறது புளிஞ்சிக்காய். பூங்கனியின் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் அடுக்களைக்கும் நடுவே மரம் நின்றது. அவள் புருஷன் ஆபேல், கல்யாணமான வருஷம் சிதறால் பக்கமிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டது. விரல் நீளப் பச்சைக்காய். கிளையில் காய்ப்பதைவிட அடிமரத்தில் காய்ப்பதுதான் அதிகம். பன்றிக்குட்டிகள் தாய் மடியில் முட்டிக்கொண்டு கிடப்பது மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கும். சாளை மீனோடு தேங்காய் அரைத்துப் போட்டால் குழம்புக்கு வேறு புளி வேண்டாம். மிஞ்சினதை உப்பிட்டுக் காயவைத்தால் மழைக்காலத்துக்கு வற்றல். வெட்டுகத்தியில் துரு ஏறினால் ஒரு காயை நசுக்கித் தேய்த்தால் போதும். வெண்கல உருளியும் வேதக்கோயிலின் ராப்போசனத் தட்டும் பண்டிகைக்கு முன்னால் இந்த மரத்தடிக்குத்தான் வரும். கன்னம் வீங்கின பிள்ளைக்கு இலையை அரைத்துப் பற்றுப் போடுவார்கள். ஊரில் வேறு சில வீடுகளிலும் மரம் உண்டு. ஆனால் மரம் இருந்தால் ஆச்சா?

கை வேண்டுமே. பழுத்து மஞ்சளானது ஆகாது, பிஞ்சும் ஆகாது. பச்சை மாறப்போகிற தறுவாயில் பறித்துச் சாறு பிழிய வேண்டும். ரேந்தையை மண்தட்டில் விரித்து, கோழி இறகின் நுனியால் சாற்றைத் தொட்டுப் புள்ளிமேல் மட்டும் வைத்து, பொடி உப்பு தூவி, காலை வெயிலில் காட்ட வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் துருவோடு நூலும் போய்விடும். பிறகு கிணற்றுத் தண்ணி, கஞ்சித் தண்ணி, மறுபடி கிணற்றுத் தண்ணி. கடைசியில் நாக்கு.

மலையாள வருஷம் தொண்ணூற்றொன்பதில், அதாவது இங்கிலீஷ் இருபத்திநாலில் வந்த பெரிய வெள்ளத்துக்கு மறுவருஷம் ஆபேல் பனையிலிருந்து விழுந்து செத்தான். மகள் லீலாபாய்க்கு அப்போது பத்து வயது. அன்றிலிருந்து பூங்கனிக்கு மரமும் கையும் நாக்கும்தான். கறை எடுக்க வருகிறவள் அரிசியோ மீனோ ஒரு கட்டு விறகோ கொண்டுவருவாள். கூடவே நாலு வசவும் வாங்கிக்கொண்டு போவாள்.

"ஏட்டி நேசம்மா, இது ரேந்தையா, அம்மை வார்த்த மூஞ்சியா?" என்று ஒருநாள் ஒரு கழுத்துப் பட்டையை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினாள்.

பக்கத்து வீட்டு நேசம்மாளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. கிணற்றடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நேசம்மாளும் சிரித்தாள். "என்ன செய்ய மைனி, மழையில்லியா?" என்றாள்.

"மழை எல்லாருக்கும்தான் பெய்யுது. எனக்க மவ ஊசிய எண்ணெய் தொட்டுக் குத்துதா. உனக்கு எண்ணெய் தலைக்கே காணாது."

பட்டையில் பத்தொன்பது புள்ளி. ஒன்றுவிடாமல் எடுத்துக் கொடுத்தாள். நேசம்மாள் வாங்கிக்கொண்டு போனாள். எடுத்துக் கொடுத்ததைவிடச் சொன்னதுதான் அவளுக்கு நெடுநாள் நின்றது.

லீலாபாய் அம்மாவைப் போலப் பேசமாட்டாள். குச்சிகளின் சத்தம்தான் அவள் பேச்சு. பதினெட்டு வயதில் ஊரிலேயே நுணுக்கமான வேலை அவள் கையில் இருந்தது. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு மறு. கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டை அளவு, ஏறக்குறைய அதே வடிவம், துருநிறம். பிறந்தபோதே இருந்தது. ஊர் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இங்கிலீஷ் முப்பத்திமூன்றாம் வருஷம் மயிலாடிப் பக்கமிருந்து செல்லபாய் தன் மகன் ஜான்ரோசுக்குப் பெண் கேட்டு வந்தாள். பையன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மாசச் சம்பளம். பனையேறி செத்துப்போன வீட்டுக்கு இப்படி ஒரு சம்பந்தம் நடந்து வருவதென்றால் லேசான காரியமா? லீலாபாயின் ரேந்தையைப் பங்களாவில் பார்த்துவிட்டு, "இதைப் பின்னின பிள்ளை யாரு?" என்று விசாரித்துத்தான் வந்தார்களாம். ஜான்ரோசும் கூட வந்திருந்தான். அதிகம் பேசவில்லை. லீலாபாய் காப்பி கொடுத்தபோது நிமிர்ந்து பார்த்தான். மறுவில் பார்வை பட்டது. பட்டு, திரும்பாமல், அப்படியே கண்ணுக்குப் போயிற்று. லீலாபாய் அதைக் கவனித்தாள். அதுபோதும் அவளுக்கு.

பூங்கனிதான் இருப்புக்கொள்ளாமல் ஆரம்பித்தாள். "பிள்ளைக்க கன்னத்துல உள்ளது பிறவி மறு. பொறவு தெரியாதுண்ணு சொல்லப்பிடாது."

"அது கேட்டறிஞ்சுதான் வந்தோம். அவனுக்குச் சம்மதம்" என்றாள் செல்லபாய். பேச்சு முடிந்த சந்தோஷத்தில், முறுக்கைக் கடித்துக்கொண்டே கேலியாக ஒன்றைச் சேர்த்தாள். "ஆனா சம்பந்தி, ஊருக்கெல்லாம் கறை எடுக்குத கையாமே உங்களுக்கு! சொந்த வீட்டுக் கறைய மட்டும் மறந்துபோட்டியளே?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற நேசம்மாள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பூங்கனியும் சிரித்தாள். வந்தவர்களை ரோடுவரை கொண்டுவிட்டுத் திரும்பும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் சபை நடுவில் மூன்று வாரம் கூறிய பிறகுதான் தாலி. முதல் ஓலை வாசித்த மறுநாள் காலை, பூங்கனி மகளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். மண்தட்டில் சாறு. பக்கத்தில் கோழி இறகு.

லீலாபாய்க்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "அவியளுக்குச் சம்மதம்ணு சொன்னாவளே அம்மா."

"சம்மதம் இப்பம் இருக்கும். பத்து வருஷம் கழிச்சு அவனுக்குக் கோபம் வருமே, அப்பம் முதல்ல வாயில வாறது அந்த மறுதான். எனக்குத் தெரியாதா ஆம்பிளைய?"

"தோல் வேற, நூல் வேற இல்லியா?"

"நான் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். இஞ்ச பாரு" என்று முழங்கையை நீட்டினாள். கையில் பல வருஷமாக ஒரு கருந்தேமல் இருந்தது. நாலு நாள் சாறு வைத்து வெயிலில் காட்டியதில் தேமல் வெளிறி, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. எரிச்சலும் இல்லை, கொப்புளமும் இல்லை.

அங்கேதான் அவள் கணக்குப் பிசகியது. எட்டு வருஷம் புளிச்சாற்றில் ஊறிப் பொருக்குத் தட்டி மரத்துப்போன கை அது. கொதிக்கிற கஞ்சிப்பானையைத் துணியில்லாமல் இறக்கிவைக்கிற கை. அந்தத் தோலுக்கு வலிக்காதது பதினெட்டு வயதுக் கன்னத்துக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டாள். நூலுக்குக்கூட முதலில் ஓர் ஓரத்தில் வைத்துப் பரீட்சை பார்க்கிறவள், பெற்ற பிள்ளைக்குப் பார்க்கவில்லை.

லீலாபாய் உட்கார்ந்தாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அதோடு, வாத்தியார் வீட்டுக்குப் போகிறவளுக்கு மறு இல்லாத ஒரு கன்னம் கிடைத்தால் வேண்டாமென்றா இருக்கும்? அவளுக்கும் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. அதைப் பிற்பாடு அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"எரியுது அம்மா."

"கறை போவணும்னா எரியத்தான் செய்யும். மொகத்த வெயிலுக்குக் காட்டு. பிள்ளே, அசையாத."

முதல் வாரம் மறுவின் ஓரம் வெளுத்தது. பூங்கனி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ரேந்தையிலும் இப்படித்தான். முதலில் ஓரம் வெளுக்கும், பிறகு நடு. நடு அசையவில்லை. இரண்டாவது ஓலை வாசித்தாகிவிட்டது. இனி ஒரு வாரம்தான். சாற்றைச் சட்டியில் ஊற்றி, பாகு மாதிரி வற்றும்வரை காய்ச்சினாள். உப்பைக் கூட்டினாள். தேங்காய்ச் சவுரி நாரால் மறுவைத் தேய்த்து, மேலே இதை அப்பி, வாழையிலைக் கீற்று வைத்துத் துணியால் கட்டினாள்.

லீலாபாய் அலறின அலறலில் நேசம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன மைனி, பிள்ளைக்கு?"

"பல்லு வலி. உனக்க சோலியப் பாரு" என்றாள் பூங்கனி.

வியாழக்கிழமை கட்டை அவிழ்த்தபோது இலையோடு தோலும் வந்தது. மறு இருந்த இடம் மட்டுமல்ல, அதைச் சுற்றிலும் ஒரு வெற்றிலை அகலத்துக்குச் சதை சிவந்து நீர் கோத்து நின்றது. பூங்கனி ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணி இறைத்து ஊற்றினாள். கஞ்சித் தண்ணி ஊற்றினாள். மறுபடி கிணற்றுத் தண்ணி. மூன்று தண்ணியும் ஆனது. வெள்ளிக்கிழமை சீழ் வைத்தது. மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை லீலாபாய் கோயிலுக்குப் போகவில்லை. பெண்கள் பக்கத்தில் அவள் இடம் காலியாக இருந்ததைத் தாலி கட்டப்போகிறவனின் ஊரிலிருந்து வந்திருந்த ஒருத்தி பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை செல்லபாய் தனியே வந்தாள். தடுக்கிறவர் யாருமில்லை, நேராக உள்ளே போனாள். லீலாபாய் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். செல்லபாய் குனிந்து பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது என்ன சம்பந்தி?"

"ஆறிப்போவும். ரெண்டு வாரம் பொறுத்தா போதும். மறு போயிடும்" என்றாள் பூங்கனி. குரலில் இன்னும் பழைய மிடுக்கு கொஞ்சம் பாக்கி இருந்தது. "நீங்கதானே சொன்னிய, சொந்த வீட்டுக் கறைய எடுக்கல்லியாண்ணு."

"நான் சிரிக்கச் சொன்னேன். நீங்க பிள்ளையச் சுட்டு வச்சிருக்கிய." செல்லபாய் செருப்பில்லாத காலை முற்றத்து மண்ணில் தேய்த்துக்கொண்டே நின்றாள். "நாங்க கேட்டது மறு உள்ள பிள்ளைய. புண்ணுள்ள பிள்ளைய இல்ல. இது ஆறினா என்ன ஆவும், மூக்குப் போவுமா கண்ணு போவுமாண்ணு யாருக்குத் தெரியும்?"

"ஓலை மூணும் வாசிச்சாச்சே!"

"வாசிச்சா என்ன? தாலி கட்டல்லியே."

அவள் போய்விட்டாள். ஜான்ரோசை அதற்குப் பிறகு லீலாபாய் ஒரே ஒரு தடவை கோட்டாற்றுச் சந்தையில் பார்த்தாள். அவன் மனைவியோடு பாத்திரக் கடையில் நின்றுகொண்டிருந்தான். இவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மீன் வாங்காமலேயே திரும்பிவிட்டாள்.

புண் ஆறியது. மறு இருந்த இடத்தில் வெள்ளையும் செம்மையுமாகச் சுருண்ட தடிப்பு. கீழ் இமையை அது கொஞ்சம் இழுத்துக்கொண்டது. கல்யாணம் முறிந்ததைப் பற்றி ஊர் பேசாமல் இருக்குமா? பேச்சில் ஒரு கேள்வி எல்லாருக்கும் இடித்தது. சம்மதம் சொல்லிப் போன மாப்பிள்ளை வீட்டுக்காக எந்தத் தாயாவது மகள் முகத்தைச் சுடுவாளா? வேறு எதையோ மறைக்கத்தான் சுட்டிருக்க வேண்டும். அதற்கு விடை கண்டுபிடித்துக் கொடுத்தவள் நேசம்மாள்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல அக்கா. ஆனா மறுண்ணா பெருகுமா? எனக்குத் தெரிஞ்சு கொஞ்ச வருஷமா அது பெருசாயிட்டுதான் வந்துது. குத்துனா உணர்ச்சி உண்டுமாண்ணு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்."

குஷ்டம் என்ற சொல்லை அவள் சொல்லவேயில்லை. கேட்டவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் ஊசிகள் துருப்பிடித்தன. பூங்கனி வீட்டு வாசலுக்கு ஒருத்தியும் வரவில்லை. வழியில் கண்ட ஒரு பெண்ணிடம் அவளே வலியப்போய், "உனக்க விரிப்பு முடிஞ்சுதாமே, கொண்டு வாட்டி, எடுத்துத் தாறேன்" என்றாள். அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "வேண்டாம் அக்கா. நீங்க நாக்குல வச்சுப் பாப்பியளே" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அந்த வருஷம் அடிமரத்தில் காய்த்ததெல்லாம் பழுத்து உதிர்ந்து கிணற்றடியில் அழுகியது. எறும்புகூட மொய்க்கவில்லை.

லீலாபாய்க்குப் பங்களாவிலிருந்து நூல் வருவதும் நின்றது. பூங்கனி மகளை மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனாள். டாக்டர் கன்னத்தையும் கையையும் காலையும் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, காது மடலைப் பிடித்துப் பார்த்து, ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். பூங்கனிக்கு வாசிக்கத் தெரியாது. தங்கத்தை முடிந்துகொண்டு வருவது மாதிரி அதை மடியில் முடிந்துகொண்டு வந்து உபதேசியாரிடம் கொடுத்தாள்.

"ஐயா, நாலு பேருக்குத் தெரியும்படியா வாசிச்சிரணும்."

"வேண்டாம் அம்மா" என்றாள் லீலாபாய்.

"நீ சும்மா கெட."

உபதேசியார் நல்ல மனுஷர். அடுத்த ஞாயிறு, வேதபாட வகுப்பு அறிவிப்புக்கும் காணிக்கைக்கும் நடுவே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக வாசித்தார். "நமது சபையைச் சேர்ந்த லீலாபாய் என்பவளுக்குக் குஷ்டரோகம் இல்லையென்றும், அவள் முகத்திலுள்ளது புளிப்பான சாறு பட்டுண்டான வடு என்றும் வைத்தியர் அறிவிக்கிறார்." அதுவரை அரசல்புரசலாகக்கூடக் கேட்டிராத கிழடுகளும் கடைசி வரிசையில் தூங்கி வழிந்தவர்களும் அந்தச் சொல்லைக் கேட்டு விழித்துக்கொண்டார்கள். எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது. லீலாபாய் பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். காணிக்கைத் தட்டு அவளிடம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்வரிசைக்குக் கொடுத்துவிட்டாள்.

"இல்லாத வியாதிக்குக் காகிதம் எதுக்கு?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வியாகத்தான் எல்லாருக்கும் பட்டது.

மூன்று வருஷம் போனது. தாயும் மகளும் ஓலை முடைந்து, நெல் குத்திக் காலம் கழித்தார்கள். இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்தது. பூங்கனி ஒருபோதும் 'நான் தப்புப் பண்ணிவிட்டேன்' என்று சொல்லவில்லை. "செல்லபாய்க்க நாக்கு அழுவிப்போவும்" என்பாள். "நேசம்மாளுக்க குடி வெளங்காது" என்பாள். மகளின் பக்கம் திரும்பாமல் அடுப்பைப் பார்த்துச் சொல்லுவாள். லீலாபாய்க்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்த அடுப்பு இல்லாத வேறொரு வீடு, எந்த வீடானாலும் சரி.

முப்பத்தியாறில் உபதேசியார் ஒரு வரன் கொண்டுவந்தார். பெயர் ஞானசிங். குஷ்டரோகிகள் விடுதியில் ஐந்து வருஷம் மரோட்டி எண்ணெய் ஊசி போட்டுக் குணமாகி, இப்போது அங்கேயே தோட்டக்காரன். முப்பத்திரண்டு வயது. இடது காலில் இரண்டு விரல் கிடையாது. மற்றபடி ஆள் திடம். விடுதிக்கு வெளியே மிஷன் ஒரு சின்ன ஓட்டு வீடு கொடுத்திருக்கிறது.

பூங்கனி விளக்குமாற்றை எடுத்தாள். "எனக்க மவளுக்கு வியாதிக்காரனா? ஐயா, நீரு உபதேசியாரா இருக்கப்போய் சும்மா விடுதேன்."

"வரச்சொல்லுங்க ஐயா" என்றாள் லீலாபாய்.

பூங்கனி திரும்பிப் பார்த்தாள்.

"அவிய வரும்போ நீ உள்ளதான் இருக்கணும். வெளிய வந்து ஒரு வார்த்தை பேசப்பிடாது" என்றாள் மகள். பதினெட்டு வயதில் வந்திருக்க வேண்டிய குரல் இருபத்தியொன்றில் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரும் ஞானசிங்கும் வந்தார்கள். ஞானசிங் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முற்றத்தில் பெஞ்சின் ஓரத்தில், நுனியில், யார் மீதும் படாமல் உட்கார்ந்தான். லீலாபாய் முந்தானையை விலக்கி முகத்தை முழுதும் காட்டிக்கொண்டு எதிரே வாசற்படியில் நின்றாள். அவன் நன்றாகப் பார்த்தான். கொல்லையில் இருக்கிற ஒரு செடியைப் பார்க்கிற மாதிரி, பதற்றமில்லாமல்.

"தோட்டத்துல என்ன எல்லாம் உண்டு?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"மரச்சீனிக் கிழங்கு, வாழை, கொஞ்சம் காய்கறி. பூச்செடி போடத் துரைசாணி சொன்னாவ. எனக்குப் பூ வராது."

"எனக்கு வரும்."

அவன் சிரித்தான். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. லீலாபாயும் சிரித்தாள். வடு இழுத்ததில் சிரிப்பு ஒரு பக்கம்தான் போயிற்று. உபதேசியார் நிம்மதியாகப் பொடி டப்பியைத் திறந்தார்.

"ஒனக்கு எப்பம் முதல் உண்டு?" என்று கேட்டான் ஞானசிங்.

"என்னது?"

"சீக்கு."

"எனக்குச் சீக்கு இல்ல. இது புளிஞ்சிக்காய்ச் சாறு பட்டது."

ஞானசிங் உபதேசியாரைப் பார்த்தான். "ஐயா, நீரு அப்பிடிச் சொல்லல்லியே?"

"நான் என்ன சொன்னேன்? ஊர்ல சொல்லுததச் சொன்னேன்." மூன்று வருஷத்துக்கு முன் காகிதத்தைச் சபையில் வாசித்த அதே மனுஷர் பொடியை அவசரமாக உறிஞ்சிக்கொண்டார்.

"டாக்டர் எழுதின காகிதம் உண்டு" என்றாள் லீலாபாய்.

"காகிதம் எங்கிட்டயும் உண்டு, சீக்கு மாறிப்போச்சுண்ணு. காகிதத்த ஆரு நம்புதா?" அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ வெசனப்படாத பிள்ளே. ஒனக்கும் உண்டும்ணு நெனச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ரெண்டு பேருக்கும் உண்டுமானா ஒருத்தர ஒருத்தர் சொல்லிக்காட்ட ஒண்ணும் இல்ல. ஒனக்கு இல்லேண்ணா, ஒருநாள் நீ என்னப் பாத்து மூக்கப் பொத்துவ. மத்தவங்க பொத்துனா நான் தாங்கிருவேன்."

"நான் பொத்தமாட்டேன்" என்றாள் லீலாபாய். ஒரு படி இறங்கி வந்து மறுபடி சொன்னாள். "சத்தியமா பொத்தமாட்டேன்."

அவன் நிமிர்ந்தான். முகம் இளகியிருந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தால் சரி என்று சொல்லியிருப்பான், உபதேசியாரும் பிற்பாடு அப்படித்தான் சொன்னார். அப்போது அடுக்களைக் கதவு ஒரு சாண் திறந்தது. பூங்கனி வெளியே வரவில்லை. மகள் போட்ட கட்டளையை மீறவில்லை. கை மட்டும் வெளியே வந்து காப்பியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போயிற்று. உபதேசியாருக்கு வெண்கலத் தம்ளர். ஞானசிங்குக்கு, குடித்ததும் தூர எறிந்துவிடுகிற தேங்காய்ச் சிரட்டை.

லீலாபாய் தம்ளரை எடுத்து அவனிடம் நீட்டினாள். ஞானசிங் வாங்கவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒங்க அம்மை நல்லவங்க. முதல் நாளே காட்டிட்டாவ" என்றான். "வாரும் ஐயா, போவோம்."

அவன் நொண்டி நொண்டி ரோட்டில் இறங்கி மறையும்வரை லீலாபாய் தம்ளரோடு நின்றாள். உபதேசியார் ஓட்டமும் நடையுமாக அவன் பின்னால் போனார்.

பூங்கனி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சீக்கு உண்டும்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னட்டி? வீடு இருக்கு, வேலை இருக்கு. கட்டினப் பொறவு இல்லேண்ணு தெரிஞ்சா அவனுக்கு என்ன நட்டம்?"

லீலாபாய் தம்ளரைத் திண்ணையில் வைத்தாள். படியில் உட்கார்ந்து, அவனுக்கென்று வைத்த சிரட்டையைக் கையில் எடுத்தாள்.

"அதுலயா குடிக்குத? ஏட்டி, அத அவன் தொட்டானா? தொட்டானாட்டி?" பூங்கனி பதறிக்கொண்டு குனிந்தாள்.

லீலாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆறிப்போன காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.